வெள்ளிக்கிழமைப் பிடியரிசி

"மாமி விட்டுட்டா எங்களுக்கு யாரு சோறு போடுவா?" என்று ஒருநாள் அம்மிணி என்னிடம் கேட்டாள்.

கல்லாற்றிலிருந்து வந்து எங்கள் மாதர் சங்கத்து விடுதியில் தங்கிப் படிக்கிற பெண் அவள். நான் பதில் சொல்லவில்லை. பொதுவாகவே நான் பதில் சொல்கிறவள் இல்லை. நாலாம் பாரத்தோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோதுகூட ஏன் என்று யாரையும் கேட்கவில்லை.

எங்கள் விடுதி நடந்தது பிடியரிசியில். எங்கள் வலியசாலைத் தெருவில் வீட்டுக்கு வீடு லலிதாம்பாள் மாமி ஒரு மண்கலயம் கொடுத்து வைத்திருந்தாள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அதில் போட வேண்டும். சனிக்கிழமை காலையில் மாமி வாசலில் நின்று "கலயம் பேசறதா, ஊமையா இருக்கா?" என்று குரல் கொடுப்பாள். உள்ளே சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொட்டுவார்கள். பையின் வாயை விரித்துப் பிடிப்பது என் வேலை. அந்த அரிசியை நம்பித்தான் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் ஏழைப் பெண்கள் சாப்பிட்டுப் படித்தார்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து மாமிதான் செக்ரட்டரி.

மாமிக்குக் கண்ணில் புரை விழுந்தது. வெயிலில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு செக்ரட்டரி வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். வந்தவர்களில் ஒருத்திக்குப் பதிலாக அவள் அப்பாவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இன்னொருத்தி, தான் தங்குவதற்கு மச்சு வீடு உண்டா என்று கேட்டாள். மூன்றாவதாக மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து சுசீலாபாய் டீச்சர் தனியாகக் குடையோடு வந்தாள். "எங்க சபையிலயும் பிடியரிசி உண்டும்மா. சின்னப் பிள்ளையில இருந்து நான் வீடு வீடாப் போய் வாங்கியிருக்கேன்" என்றாள். மாமி அங்கேயே, "இவ போறும்" என்று சொல்லிவிட்டாள்.

"கிறிஸ்தவ வேதக்காரியாச்சே" என்று யாரோ முணுமுணுத்தபோது, சங்கத்தின் பிரசிடெண்ட் சாவித்ரி மாமி, "கோவில் கதவையே எல்லாருக்கும் திறந்தாச்சு. நம்ம சாக்குப்பைக்கு என்ன தீட்டு?" என்றாள்.

டீச்சர் வேலையை எடுத்துக்கொண்ட வாரம், விடுதிக் கூடத்தில் மாமி, டீச்சர், நான் என்று மூவர் மட்டும் இருந்தோம். டீச்சர் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பல வீட்டு அரிசி. பச்சையும் புழுங்கலும் கலந்து கிடக்கும். சனிக்கிழமை முழுவதும் பெண்கள் அதைப் பிரிக்கவே சரியாக இருக்கும்.

"அம்மா, பரீட்சை வருது. இனிமே வெள்ளிக்கிழமை காலையிலே வாங்கிட்டு வந்தா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வாறதுக்குள்ள நானும் சமையல்காரம்மாவும் பிரிச்சிருவோம். சனிக்கிழமை அதுங்க படிக்கட்டும்" என்றாள் டீச்சர் மாமியிடம்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் யாரும் அரிசி வெளியே கொடுக்க மாட்டார்கள். லக்ஷ்மி வீட்டை விட்டுப் போய்விடுவாள். பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நான் மாமியைப் பார்த்தேன்.

மாமி தலையை ஆட்டினாள். "செக்ரட்டரி நீங்களாக்கும். உங்களுக்குச் செரின்னா செரி."

வியாழக்கிழமை விளக்கு வைத்தபின் மாமி வீட்டுக்குப் போனேன். "மாமி, நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

"பஞ்சாங்கம் எங்காத்துலயும் இருக்குடி."

"டீச்சருக்குத் தெரியாதே."

"கேட்டா சொல்லியிருப்பேன். 'செய்யலாமா அம்மா'ன்னு ஒரு வார்த்தை கேட்டாளா? 'இனிமே வெள்ளிக்கிழமை'ன்னா. நீ ஆத்துக்குப் போ."

அந்த நேரத்தில் கடைத்தெருவைத் தாண்டி விடுதிக்குப் போக என்னை யாரும் விட மாட்டார்கள். விடிந்ததும் ஓடினேன். அதற்குள் டீச்சர் கிளம்பி, வேறு வழியாக எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள். நான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது வெங்கடசுப்ரமணியன் வீட்டு வாசலில் நின்று பையை விரித்திருந்தாள். அந்த வீட்டு மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா எங்காத்து லக்ஷ்மியைப் பையில போட்டுண்டு போக வந்தேளா? நன்னாயிருக்கு!"

கதவு சாத்தப்பட்டது. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வீட்டில் தட்டுமுன்பே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எங்களுக்கு முன்னால் சேதி தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குரல், "குடி கெடுக்க ஆள் வெச்சிருக்கா" என்றது. தெருக்கோடி வரை போனோம். ஒரு மணி அரிசி விழவில்லை.

கோடியில் நின்று நான் காரணத்தைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

டீச்சர் வெறும் பையை நாலாக மடித்தாள். "அம்மாவுக்கு இது தெரியும்லா?"

நான் தலையாட்டினேன்.

"நான் கேட்டிருக்கணும், மக்ளே" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை மறுபடி போனோம். கலயங்கள் நிறைந்துதான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில்: "லலிதா மாமி வரட்டும். அவ கையில போடறோம்." விடுதியில் சமையல்காரி சுப்புலக்ஷ்மி பானையைச் சாய்த்து, அடியை எனக்குக் காட்டினாள். அன்று இரவு பெண்களுக்குக் கஞ்சி. அம்மிணி என்னைப் பார்த்துவிட்டுக் கும்பாவிலிருந்த கஞ்சியைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாவித்ரி மாமி வீட்டுக் கூடத்தில் அவசரக் கூட்டம். தெருவே வந்திருந்தது. டீச்சர் ஆராதனை முடிந்து சபைக் கோயிலிலிருந்து நேராக வெள்ளைப் புடவையில் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி இரண்டு பாய் காலியாக இருந்தது. நான் கதவோரம் நின்றேன்.

"அரிசி வரலேன்னா விடுதியை மூடணும்" என்றாள் சாவித்ரி மாமி. "நாளைக்கே கொழந்தைகளை ஊருக்கு அனுப்பணும். என்ன சொல்றேள்?"

"லலிதா திரும்பி வரட்டும். நாளைக்கே பானை நிறையும், கேட்டேளா" என்றது ஒரு குரல்.

"கண்ணுதானே போயிண்டிருக்கு, காலு இருக்கே" என்றாள் லலிதாம்பாள் மாமி. சிரித்தார்கள்.

டீச்சர் எழுந்தாள். "தப்பு என்னுடையது. உங்க வழக்கம் என்னான்னு கேக்காம நாளை மாத்திட்டேன். என்னைப் போகச் சொன்னா இன்னைக்கே போறேன். பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீங்க. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு."

"அவ வெளியூர். சரி. ஆனா இதைச் சொல்ல இங்கே ஒருத்திகூட இல்லையா?" என்று சாவித்ரி மாமி கேட்டாள்.

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. லலிதாம்பாள் மாமியின் முகம் கதவுப்பக்கம் திரும்பியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"டீச்சர் லலிதா மாமிகிட்ட சொன்னா" என்றேன். "மாமி செரின்னுட்டா."

கூடத்தில் விசிறிகள் நின்றன. "யாரு பேசறது, இவளா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னதை மறுபடி ஒருமுறை சொன்னேன். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.

"ஆமாம், செரின்னேன்" என்றாள் லலிதாம்பாள் மாமி. "மழைன்னும் வெயில்னும் பாக்காம இந்தத் தெருவுல நடந்தவ நான். மூதேவின்னு திட்டினவாகிட்டகூடக் கலயத்தை நீட்டி நின்னேன். நேத்திக்கு வந்தவ என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அதான். வேற ஒண்ணும் இல்லை."

"நீதானேடி இவ போறும்னே?" என்றாள் சாவித்ரி மாமி, மெதுவாக. "நாற்காலியைக் கொடுத்தே. தெருவைக் கொடுக்கலையே, லலிதா. இவளைக் கூட்டிண்டு வீடு வீடாப் போய், 'இனிமே இவதான், இவ கையில போடுங்கோ'ன்னு நீ சொல்லியிருந்தா இத்தனையும் உண்டா? அடுத்த சனிக்கிழமை சொல்லுவியா?"

லலிதாம்பாள் மாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாவித்ரி மாமி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்: "சரி. டீச்சர் கையில அரிசி போடறவா கையைத் தூக்குங்கோ. போடமாட்டேன்னா இப்பவே சொல்லிடுங்கோ. விடுதியை மூடிடலாம்."

யாரும் அசையவில்லை. டீச்சர் உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். அப்புறம் வெங்கடசுப்ரமணியன் வீட்டு மாமிதான் முதலில் வளையல் குலுங்கக் கையைத் தூக்கினாள்.

"படிக்கற கொழந்தைகளைப் பட்டினி போட்ட பாவம் எனக்கு வேண்டாம். இன்னிக்கே வரச் சொல்லுங்கோ, போடறேன். ஆனா வெள்ளிக்கிழமை வந்தா மறுபடியும் கதவைச் சாத்துவேன், ஆமாம்!"

யாரோ சிரித்தார்கள். இன்னொரு கை எழுந்தது. அப்புறம் பின்வரிசையில் நாலைந்து. சிலர் லலிதாம்பாள் மாமியை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்வையை மாற்றிக்கொண்டு தூக்கினார்கள். எத்தனை கை என்று மாமிக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வளையல் சத்தம் கேட்டிருக்கும். அது கூடத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

மாமி தரையில் கையூன்றி எழுந்தாள். தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். டீச்சர் ஓரடி முன்னால் வந்து, "அம்மா" என்றாள். மாமி நிற்கவில்லை. கதவோரம் என்னைத் தாண்டும்போது நான் கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்கவில்லை. சுவரைத் தடவித் தடவி, ஒவ்வொரு படியாக இறங்கி, வெயிலில் போனாள்.