புறங்கையில் ஒரு துண்டு டேப்

"நீங்க வெட்டுற வரைக்கும் இந்தத் தலையை வேற யார்கிட்டயும் குடுக்கமாட்டேன்" என்று, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோ தன் கணவரிடம் சொன்னதை, சலூன்காரரின் மனைவி சும்மா பேச்சென்றுதான் நினைத்தாள். மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாரே! இப்போது அவர் தலை காக்கைக் கூடு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியே கேலி செய்தது.

பக்கவாதம் வந்த பிறகு அவள் கணவருக்குக் கை சீக்கிரமே சரியாகிவிட்டது. இடது கால்தான் சண்டித்தனம் செய்தது. நாற்காலியைச் சுற்றிவந்து நின்றபடியே செய்கிற தொழில். நிற்க முடியாமல் கத்தரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கடையை மூடிவிடலாம் என்று அவரே முனக ஆரம்பித்திருந்தார்.

பிசியோ தரையில் சம்மணமிட்டு, பாதத்திலிருந்து முழங்கால்வரை நீல டேப்பை ஒட்டினார். சுருக்கம் விழுந்தால் உரித்துவிட்டு மறுபடியும் ஒட்டுவார். அலுப்பென்பதே கிடையாது. பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று அவளுக்குத் தோன்றியது.

"இது காலைத் தாங்கிப் பிடிக்குமா தம்பி?"

"தாங்காதும்மா. கால் சாயும்போது தோலை லேசா இழுத்து, 'ஏய், இங்க பாரு'ன்னு ஞாபகப்படுத்தும். நிக்க வேண்டியது அவர்தான்."

ஆனால் கால் தேறவே இல்லை. ஒருநாள் அவர் நின்று பழகும்போது பிசியோ பின்பக்கம் போய்ப் பார்த்தார். அவள் கை, கணவரின் சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்திருந்தது.

"அடடா! கால் செய்யவேண்டிய வேலையை உங்க கை செய்யுதேம்மா!" ஒரு துண்டு டேப்பை வெட்டி அவள் புறங்கையிலும் ஒட்டினார். "கையை மூடினா இழுக்கும். நிஜமாவே விழப்போனா மட்டும் பிடிங்க."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குளியலறையில் கணவர் விழுந்த சத்தம் இவர் காதிலா கேட்டது?

சில வாரம் கழித்து, பயிற்சி அறையில் துணியைப் போர்த்திக்கொண்டு பிசியோ நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தரி பேச ஆரம்பித்தது. வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் திரும்பும்போது கணவர் சாய்ந்தார். அவளுக்கு உயிரே போய்விட்டது. கை பறந்தது, சட்டையைப் பற்ற மூடியது. புறங்கையில் டேப் இழுத்தது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

கணவரின் கால்விரல்கள் தரையை அழுத்தின. கணுக்கால் நடுங்கி, நிலைத்தது. அவர் நிமிர்ந்து மிச்ச முடியையும் வெட்டி முடித்தார்.

பிசியோ கண்ணாடியில் பார்த்தார். "ஒரு பக்கம் ஏத்தமா இருக்கே?"

"உங்க தலையே கோணல் சார். நான் என்ன பண்ண?"

கணவர் துணியை ஓங்கி உதறினார். பிறகு, கடையில் குரல் கொடுப்பாரே, அதே அதட்டலோடு, "அடுத்து யாருப்பா?" என்றார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.