பேய்களுக்கு வேறு இடம்

“நீ எதுக்குப் பயப்படுற மலரு, பேய்க்கா மனுசனுக்கா?”

தங்கமணி அக்கா ஒருமுறை என்னை இப்படிக் கேட்டார். பொட்டலம் கொடுக்க ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றதும் நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும்.  ஆனால் அவர் காத்திருக்கவில்லை. கையிலிருந்த ஈரத் துண்டை என் தலையில் போட்டுவிட்டுச் சிரித்தார்.

எங்கள் தோட்டம் சிடாம் கிரிப் பக்கம். தொழிலாளர் வரிசை வீடுகளில் அக்கா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். நான் படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் மேசைக்கு அடியில் குனிந்துகொள்வேன். அம்மா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போவார். நான் வீட்டையும் கோழிகளையும் பார்த்துக்கொள்வேன். மீதி நேரம் அக்கா வீட்டில்தான் இருப்பேன்.

தங்கமணி அக்கா கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தார். நாள் முழுக்க முகத்தை மூடிக்கொண்டு, பூதக்கண்ணாடி வழியாகக் குட்டிக் குட்டி மின்னணுச் சில்லுகளைப் பார்க்கும் வேலை. அந்த வேலையைக்கூட அவர் திட்டியதில்லை. அந்தப் பேருந்தைத்தான் திட்டுவார். “இருட்டுல ஏறி இருட்டுல இறங்குறேன். என் வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிச்சிருக்குன்னே எனக்கு மறந்துபோச்சு லா” என்பார். அவருடைய ஆசையெல்லாம் மரவேலை. பழைய பலகைகளைக் கழற்றிக் கோழிக்கூடு செய்வார், அலமாரி செய்வார். பெரிய மரத்தை வீட்டிலேயே பலகையாக அறுப்பது எப்படி என்று கைப்பேசியில் படம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அவர் கணவர் காளிமுத்து அண்ணன் மின்கம்பிமேல் சாயும் மரங்களை வெட்டும் குத்தகையாளரிடம் வேலை செய்கிறார். பெரிய சங்கிலி ரம்பம் ஒன்று அவரிடம் உண்டு. அதைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டம் ஒன்றை அக்கா சுங்கைப்பட்டாணியில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கிவைத்திருந்தார். அறுக்க மரம்தான் இல்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அடித்த காற்றில் மரம் வந்தது. முனீஸ்வரர் கோயில் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, அன்னதானக் கொட்டகையை அப்பளம்போல் நொறுக்கிவிட்டது. சாமிமேல் ஓர் இலைகூட விழவில்லை. “ஐயா அந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டாரு பாத்தியா” என்று ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாளே டவுனிலிருந்து ஹேமநாதன் என்பவர் வந்தார். மேசை நாற்காலிக் கடை வைத்திருப்பவர். மரத்தைச் சுற்றி வந்தார். உச்சுக்கொட்டினார். “சும்மாவே எடுத்துட்டுப் போயிடறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? கொட்டகைக்குப் புதுத் தகரமும் நானே போட்டுத் தரேன்” என்றார். கோயில் தலைவர் மணியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை பளுதூக்கி லோரி வரும் என்று பேச்சு முடிந்தது.

அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நேராகக் கோயிலுக்கு நடந்தார். காளிமுத்து அண்ணனும் நானும் பின்னாலேயே போனோம்.

“அண்ணே, அவரு குப்பை அள்ளவா வராரு? அவரு கடை கண்ணாடிக்குள்ள ஒரு தூங்குமூஞ்சிப் பலகை ஆயிரக்கணக்குல விலை போட்டு நிக்குது, போய்ப் பாருங்க. நம்ம சாமி மரத்துல மேசை போட்டு யாரோ காப்பி குடிக்கப் போறான்.”

“சரி, அதுக்கு?”

“நான் அறுக்கிறேன். கோயிலுக்குச் சாப்பாட்டு மேசையும் பெஞ்சும் செஞ்சு தரேன். மிச்சப் பலகைய எனக்குக் குடுங்க. அத வச்சு ஒரு பட்டறை போட்டுக்கிறேன்.”

மணியம் சிரித்துவிட்டார். “நீயா? இந்த மரத்தையா? காளிமுத்து, என்னப்பா சொல்றா உன் சம்சாரம்?”

“என்னைய தினமும் அறுக்கிறாண்ணே. மரத்த அறுக்க மாட்டாளா?” என்றார் காளிமுத்து அண்ணன்.

கூடியிருந்தவர்கள் சிரித்ததில் மணியம் கொஞ்சம் இறங்கி வந்தார். “சனிக்கிழமை லோரி வரும். அதுக்குள்ள ஒரே ஒரு பலகை, முழுசா, கோணாம அறுத்துக் காட்டு. மரம் உனக்கு. இல்லேன்னா வாயத் தொறக்கக் கூடாது.”

அக்கா விடுப்பு எடுத்தார், அண்ணனும்தான். திங்கட்கிழமை மறுபடி அந்தப் பேருந்து வந்து நிற்கும். பலகை விழுந்தால் பட்டறை. விழாவிட்டால் பேருந்து. வேறு பேச்சே இல்லை.

வியாழக்கிழமை காலை கிளைகளைக் கழித்து, அடிமரத்தை விட்டு நடுமரத்தைத் துண்டாக்கி, அதன்மேல் அலுமினிய ஏணியைப் படுக்கவைத்துக் கட்டினோம். முதல் அறுப்பு நேராகப் போவதற்கு அந்த ஏணிதான் தண்டவாளம். ரம்பத்தின் ஒரு முனையை அண்ணனும் மறுமுனையை அக்காவும் பிடித்துக்கொண்டார்கள். அறுத்த இடைவெளி மூடிக்கொள்ளாதபடி பின்னால் ஆப்பு அடிப்பது என் வேலை. ரம்பம் உறுமிக்கொண்டு உள்ளே போனது. மாவுபோல் தூள் பறந்தது. எனக்குத் தும்மல் அடங்கவில்லை. ஒரு முழம்கூடப் போயிருக்காது. கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. தீப்பொறி தெறித்தது.

“அலாமாக்!” என்று அண்ணன் கத்தி ரம்பத்தை நிறுத்தினார். சங்கிலியின் பற்கள் மழுங்கி, கிழவர் வாய்போல் ஆகிவிட்டன. வேறு சங்கிலி மாட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் அதற்கும் அதே கதி. மிஞ்சியது ஒரே சங்கிலி.

அக்கா பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே ஆணிகள். ஒன்றிரண்டல்ல, அந்தப் பக்கம் முழுக்கவே ஆணிகள். பாதியை மரம் விழுங்கியிருந்தது. சில ஆணிகளைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ நூல்போல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அது நூல் அல்ல. முடி. யாரையாவது பேய் பிடித்தால் எங்கள் கோயிலுக்குத்தான் கூட்டி வருவார்கள். பூசாரி பேயைப் பேசவைத்து, கடைசியில் ஒரு கொத்து முடியை ஆணியில் சுற்றி மரத்தில் அடித்துவிடுவார். பேய் அதோடு அங்கேயே நின்றுவிடும். ஆள் வீட்டுக்குப் போகலாம். தாத்தா காலத்திலிருந்து எங்கள் தோட்டத்துப் பேய்கள் எல்லாம் இந்த மரத்தில்தான் குடியிருந்தன. மரத்தில் ஆணி இருப்பது எல்லாருக்கும் தெரியும். பலகை என்றதும் எல்லாருக்கும் மறந்துவிட்டது, அக்காவுக்கும்தான்.

செய்தி பரவி, வெள்ளிக்கிழமை காலை தோட்டமே கோயிலில் நின்றது. முன்னால் நின்றவர் ராக்காயி அத்தை. சின்ன வயதில் அவரைப் பிடித்த பேய் பெயர்போனது. மலாய், தமிழ், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் திட்டுமாம்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆணியப் புடுங்கப் போறீங்களா? என் பேய் அங்கதான்டி இருக்கு. இத்தன வருசமா யாரு வம்புக்கும் போகாம சும்மா கெடக்கு. புடுங்கிட்டா அது எங்க போகும்? நேரா என் வீட்டுக்குத்தான வரும்? எனக்கு இப்ப முட்டி வலி வேற. அது வந்து ஆடுன்னா நான் எப்படி ஆடுவேன்?”

யாரும் சிரிக்கவில்லை. காளிமுத்து அண்ணன் கையிலிருந்த இடுக்கியை மெல்லக் கீழே வைத்தார். அவருடைய அத்தை ஒருவரைப் பிடித்த பேயும் அந்த மரத்தில்தான் இருந்தது. மரத்தைப் புரட்டிப்போட்டு ஆணி இல்லாத பக்கமாக அறுக்கலாம் என்றால், அவ்வளவு பெரிய மரத்தை அசைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. ஹேமநாதனிடம்தான் பளுதூக்கி இருந்தது.

அக்கா சுத்தியலை எடுத்தார். ஓர் ஆணியின் தலைக்குக் கீழே அதன் பிளந்த முனையை நுழைத்தார். அப்படியே நின்றார். அவருக்கும் கை வரவில்லை. அவரும் எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்தான். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மணியம் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். “அவருக்குச் சொல்லிடறேன்மா. அவரு ஆளுங்க வேற ஊரு. அவங்களுக்குப் பயமில்ல.”

நான் அக்கா கையிலிருந்து சுத்தியலை வாங்கினேன்.

எனக்குப் பேய்களிடம் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. அவை என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதில்லை. ஆனால் அவ்வளவு பேரும் என்னையே பார்த்தார்கள். மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அழுத்தினேன். ஆணி ஒரு முனகலோடு வெளியே வந்தது. பின்னால் யாரோ வீரிட்டார்கள். ஒரு கூட்டம் கோயில் வாசலுக்கே ஓடிவிட்டது.

முடி சுற்றிய அந்த ஆணியைக் கையில் பிடித்துக்கொண்டு, மரத்தின் அடிப்பக்கம் போனேன். பெயர்ந்த வேர்கள் மண்ணோடு சுவர்போல் எழுந்து நின்றன. அடிமரம் அதோடு ஒட்டியிருந்தது. அந்தப் பகுதி பலகைக்கு ஆகாது, அப்படியே கிடக்கட்டும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். அதில் நல்ல இடமாகப் பார்த்து, ஆணியை வைத்து, தலை பதியும்வரை அடித்தேன்.

 ஒரு கோழி மட்டும் குறுக்கே ஓடியது.

ராக்காயி அத்தை கிட்டே வந்தார். ஆணியைத் தொட்டுப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “என்னோடது அந்த வளைவுக்கு மேல இருக்கு. அத இன்னும் நாலு அடி சேத்து அடி. லேசுப்பட்டதில்ல அது” என்றார். 

காளிமுத்து அண்ணன்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தவர். “அதே மரந்தான அத்தே! வீடு மாறல. ரூம்புதான் மாறுது!”

அதற்குப் பிறகு கோயில் திருவிழாபோல் ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு சுத்தியலும் கடப்பாரையும் வந்தன. தலைவர் மணியம் அடிமரத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் ஏற்றி, “அமைதியா வாங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு” என்றார். மனிதர்களிடம் சொன்னாரா பேய்களிடம் சொன்னாரா தெரியவில்லை.

“மலரு, எங்க பெரியம்மா பேய ராக்காயி பேய்க்குப் பக்கத்துல வச்சிடாத. ரெண்டுக்கும் ஆகாது.”

“எங்க சித்தப்பாவுக்கு நிழல் பாத்து அடி தாயி. வெயில் தாங்காது.”

“ஏய், இது பேய் ஆணி இல்ல. போன வருசம் நான் பேனர் கட்ட அடிச்சது!”

“அப்ப அதத் தூக்கிப் போடு. சும்மா ஓசியில இடம் புடிக்கப் பாக்குற!”

ஆழத்தில் போய்விட்ட ஆணிகளைக் கண்டுபிடிக்க, அண்ணன் பழைய ஒலிபெருக்கியைப் பிரித்து, அதிலிருந்த காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பட்டைமேல் இழுத்தார். காந்தம் ஒட்டிய இடத்தில் எல்லாம் அக்கா உளியால் தோண்டினார். எத்தனையோ பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் போனேன். மாலைக்குள் அடிமரம் முள்ளம்பன்றிபோல் ஆகிவிட்டது. மரத்தின் மேற்பக்கம் சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமை காலை கடைசிச் சங்கிலியை மாட்டினார்கள். அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதலில் ஏணி வைத்து முதுகுப் பக்கத்து வளைந்த பகுதியை அறுத்துத் தள்ளினோம். மேல்பக்கம் இப்போது மேசைபோல் தட்டையாக இருந்ததால் ஏணி தேவைப்படவில்லை. ரம்பத்தை அதன்மேலேயே வைத்து இழுத்தார்கள். நான் ஆப்பு அடித்துக்கொண்டே நகர்ந்தேன். பாதித் தூரம், முக்கால் தூரம். ஒவ்வோர் அடிக்கும் கூட்டம் மூச்சைப் பிடித்தது. மறுமுனையில் ரம்பம் வெளியே வந்து வெறும் காற்றில் உறுமியபோது யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார்.

“தூக்குங்கடா!” என்றார் மணியம்.

இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பலகையைப் புரட்டினார்கள். ஓரம் இரண்டும் பால் நிறம். நடுவெல்லாம் கெட்டியாகக் கலக்கிய மைலோ பானத்தின் பழுப்பு நிறம். அதில் ஆற்றுத் தண்ணீர் சுழித்துச் சுழித்துப் போவதுபோல் வரிகள். ஆணி இருந்த இடங்களில் மட்டும் நீலமும் கறுப்பும் கலந்த பொட்டுகள். அக்கா பலகையின்மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டார். எழுந்தபோது முகமெல்லாம் மரத்தூள்.

“கோணல் இருக்காண்ணே?” என்று கேட்டார்.

மணியம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையின் நீளத்துக்கும் பார்த்தார். “என் நடையவிட நேரா இருக்கு. மிச்சத்தையும் அறு, தாயி.”

“திங்கக்கிழமை பஸ்சு?” என்றார் அண்ணன் கிண்டலாக.

“ஏறுவேன். வேலைய விடுறேன்னு நேர்ல போய்ச் சொல்லணும்ல? இந்தத் தடவ ஜன்னல் சீட்டு!”

பலகையை நான்கு எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் ஏற்றினார்கள். ஈரம் காயாத மரம். மேசையாக வேண்டுமானால் மாதக்கணக்கில் நிழலில் அடுக்கி உலர்த்த வேண்டும் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்பது? வாழை இலை விரித்தாகிவிட்டது. பொங்கலும் சுண்டலும் வந்துவிட்டன. ராக்காயி அத்தை தேடித் தேடி ஒரு பெரிய நீலப் பொட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். “இதுதான் என் பேய் இருந்த எடம். மூணு பாஷை பேசுனது, சும்மாவா?” என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செம்மண் சாலையில் பளுதூக்கி லோரி வந்து நின்றது. ஹேமநாதன் இறங்கினார். சூடம் எரிந்த அடிமரத்தையும் அதிலிருந்த ஆணிகளையும் பார்த்தார். ரம்பத்தைப் பார்த்தார். அதன் பக்கத்தில் மரத்தூள் அப்பிய முகத்தோடு நின்ற அக்காவைப் பார்த்தார். மணியம் எழுந்து, “அது வந்து... நம்ம பொண்ணு ஒண்ணு...” என்று தடுமாறினார். எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டோம். சண்டை வரும் என்றே நினைத்தேன்.

அவர் பலகையின் பக்கம் வந்தார். அதன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். குனிந்து அறுப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரல் முட்டியால் ஒருமுறை தட்டினார்.

“டீ குடிங்க ஐயா, பால் நெறைய ஊத்திருக்கேன்” என்று ராக்காயி அத்தை ஒரு கண்ணாடிக் குவளையை நீட்டினார்.

அவர் வாங்கிக்கொண்டார். நின்றபடியே, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். குவளையைப் பலகைமேல் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். ஈர வட்டம் ஒன்று அங்கே பதிந்திருந்தது. அவர் தன் சட்டை நுனியால் அதை ஒற்றித் துடைத்தார். குவளையை ராக்காயி அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, லோரியில் ஏறிப் போய்விட்டார்.