ஆளுநரின் அவசர ஆலோசனை

அந்தக் கரீபியத் தீவின் ஆளுநர் சர் பெரிகிரின் மோலுக்கு நாட்டு நிலைமை ஜூன் மாதத்தில்தான் கவலைக்கிடமாகும். ஜூனில் லண்டனுக்குப் பக்கத்தில் எப்சம் மைதானத்தில் குதிரைப் பந்தயம். சொந்த விடுப்பில் போனால் கப்பல் கட்டணம் கைக்காசு. அமைச்சரோடு ஆலோசனை என்றால் அரசாங்கச் செலவு.

லண்டனுக்கு எழுதித் தேதி வாங்குவது அவருடைய செயலாளர் கிளெமென்ட் ஒலிவியேரின் வேலை. தீவிலேயே பிறந்தவன். ஆளுநர் மாளிகைக்குள் பின்வாசல் வழியாக வந்து போகிறவன். உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டே முகத்தை மரியாதையாக வைத்துக்கொள்ளப் பழகியிருந்தான்.

அந்த வருஷம் லண்டன் கைவிரித்துவிட்டது. அக்டோபரில் வந்தால் போதுமாம்.

“அக்டோபர்ல அங்க என்னய்யா இருக்கு? மழையும் மந்திரியும்தான்!” என்று ஆளுநர் பொரிந்தார். “துறைமுகத்துல கலகம் வெடிக்கப்போகுது, நான் நேர்ல வந்து விளக்கணும்னு தந்தி அடி.”

“கலகமா சார்? மூட்டை தூக்குறவங்க மாசக்கணக்கா உங்களப் பாத்துப் பேசணும்னுதானே கேக்குறாங்க?”

“ஆளுநரைப் பாக்கணும்னு கேக்குறதே கலகம்தான்யா. நல்லா சூடா எழுது.”

கிளெமென்ட் சூடாகவே எழுதினான். கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தான்: ‘தொழிலாளர்கள் ஆளுநர் ஒருவரையே நம்புகிறார்கள்.’ அந்த வரியைப் படித்ததும் சர் பெரிகிரின் மீசையைத் தடவிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முகஸ்துதியில் கண்ணி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மாலையில் கிளெமென்ட் தங்கை வீட்டுக்குப் போனான். அவள் கணவன் ஆம்புரோஸ்தான் மூட்டை தூக்குகிறவர்களின் தலைவன். விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான்.

“எங்க பேர்ல கலகமா? பீரங்கிக் கப்பல் வந்து நின்னா உன் துரையா வந்து குண்டு வாங்குவாரு?”

“ஒரு வாரம் யாரும் கையோங்காம பாத்துக்கோ மச்சான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டானே தவிர, பதில் வரும்வரை தினமும் துறைமுகத்துக்குப் போய், பீரங்கிக் கப்பல் தெரிகிறதா என்று பார்த்தான்.

கப்பல் வரவில்லை; தந்தி வந்தது. தொழிலாளர் நம்பிக்கை பெற்ற ஆளுநர் இந்த வேளையில் தீவைவிட்டு நகரக் கூடாது; அவர்களை நேரில் அழைத்து முழுக்கக் கேட்டு, குறை தீர்த்து, அறிக்கை அனுப்ப வேண்டும்.

“அடங்கிடுச்சுன்னு அடி! உடனே அடி!”

“இவ்வளவு சீக்கிரம் அடங்குனா, அப்போ பொய்யா சொன்னீங்கன்னு கேப்பாங்களே சார்.”

ஆளுநர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சந்திப்புக்கு நாள் குறிக்கும் வேலையும் கிளெமென்ட்டுக்கே வந்தது. பந்தயம் நடக்கும் புதன்கிழமையையே குறித்தான்.

ஆம்புரோஸும் ஆட்களும் முன்வாசல் வழியாக வந்து பட்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சர்க்கரை மூட்டை சரிந்து கால் நசுங்கிய ஒருவனை மருத்துவரில்லாமல் கட்டைவண்டியில் கொண்டுபோனதையும், அவன் வழியிலேயே செத்ததையும் ஆம்புரோஸ் நிதானமாகச் சொன்னான். ஆளுநரின் கண் கடிகாரத்தில் இருந்தது.

“இதச் சொல்லவா இத்தன மாசம் காத்திருந்தீங்க?”

“நாங்க காத்திருக்கல துரை. நீங்க காக்க வெச்சீங்க.”

அறிக்கையில் எதையாவது காட்டியாக வேண்டுமே! துறைமுகத்துக்கு மருத்துவரும், மதிய ஓய்வும் கையெழுத்தாயின. எல்லாம் தன் தொலைநோக்கு என்று ஆளுநர் சொல்லச் சொல்ல கிளெமென்ட் தட்டச்சு செய்தான். லண்டனிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்ததும் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

அக்டோபரில் சர் பெரிகிரின் ஒருவழியாகக் கப்பலேறினார். லண்டனில் அமைச்சர் வேட்டைக்குப் போயிருந்தார். ஓர் இளம் அதிகாரி தேநீர் கொடுத்து, தீவின் பெயரைத் தப்பாகச் சொல்லி, வழியனுப்பி வைத்தான். இங்கே அவர் இல்லாத குறையை மாளிகைச் சமையல்காரன்கூட உணரவில்லை. தேங்கிக் கிடந்த கோப்புகள் எல்லாம் மளமளவென்று நகர்ந்தன.