ஆப்னர் தொடாத புத்தகம்

அன்று பிரசங்கத்தில் ஈனோஸ் "கி... கி..." என்று கிருபை என்ற சொல்லிலேயே சிக்கிக்கொண்டான். ஆமிஷ் என்னும் அந்தப் பழைய வழிக் கிறிஸ்தவச் சபை முழுவதும் தரையைப் பார்த்தது. எல்லோருக்கும் முந்தித் தலையைக் குனிந்தவன் அவனுடைய மச்சான் ஆப்னர்.

குனியாமல் என்ன செய்வான்? அங்கே நிற்க வேண்டியவன் அவன்தானே.

வசந்தத்தில் புதுப் போதகருக்காகச் சீட்டுப் போட்டார்கள். சபையார் பெயர் சொன்ன ஐந்து பேருக்கு முன்னால் ஐந்து பாட்டுப் புத்தகங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ரப்பர் பாண்ட். ஒன்றில் மட்டும் வசனம் எழுதிய சீட்டு. அது யாருக்கு வருகிறதோ அவன் சாகும்வரை போதகன். சம்பளம் கிடையாது, எழுதிவைத்து வாசிக்கக்கூடாது, மாட்டேன் என்று வாயே திறக்கக்கூடாது. தேர்ந்தெடுப்பவர் கர்த்தர்.

வயதுப்படி எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆப்னரின் முறையில் மூன்று புத்தகங்கள் மிச்சம். நடுப்புத்தகத்தில் வெள்ளைக் காகிதத்தின் ஓரம் மயிரிழை அளவு எட்டிப் பார்த்தது. நீட்டிய கை தானாகப் பக்கத்துப் புத்தகத்துக்குப் போனது. தானாகவாம்! அடுத்து எடுத்தவன் ஈனோஸ், கடைசியில் ஓரி. சீட்டு ஈனோஸிடம் இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆப்னர் மூச்சு விட்டான். ஈனோஸின் மனைவி ஃபேனி, இவனுடைய சொந்தத் தங்கை, பெண்கள் பக்கத்தில் விம்மியது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

'நான் பார்ப்பேன், ஒதுங்குவேன் என்று உலகம் உண்டாகும் முன்பே அவருக்குத் தெரியுமே. பிறகு என் குற்றம் என்ன?' அன்றிரவு பழியைத் தூக்கி ஆண்டவர் தலையில் வைத்துவிட்டுப் படுத்தான். தூக்கம்தான் வரவில்லை.

ஈனோஸ் திக்கிய அந்தப் பிரசங்கம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் ஃபேனி ரொட்டியை அவன் முன்னால் வைத்தாள்.

"உனக்கென்னண்ணா, வாய் காது வரைக்கும். மாட்டை மாட்டுகிட்டயே வித்துடுவே! கர்த்தர் உன்னை விட்டுட்டுப் பாத்துப் பாத்து இவரையா புடிச்சாரு?"

சிரிக்கத்தான் முயன்றாள். கண் கலங்கிவிட்டது. ஆப்னர் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் பால் கறக்கும் நேரத்தில் ஈனோஸின் தொழுவத்துக்குப் போனான்.

"மாப்ளே, நான் பாவி. அந்தச் சீட்டை நான் பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் விட்டேன். பிஷப்புகிட்ட சொல்லிடறேன்."

ஈனோஸ் கறப்பதை நிறுத்தவில்லை.

"தெ... தெரியும் மச்சான். நானும் பாத்தேன். நீங்க கையை இழுத்ததையும் பாத்தேன்."

"பாத்தியா? இன்னொரு புஸ்தகம் இருந்துச்சேடா!"

"எனக்கப்புறம் ஓ... ஓரி. அவன் பொண்டாட்டி படுத்த படுக்கை. யாராவது எடுத்துத்தானே ஆகணும்."

ஆப்னர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எல்லாம் அவருக்கு முன்னாடியே தெரியும்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன் மாப்ளே."

"தெரியும்தான். என் கை எங்க போகும்னும் தெரியும், உங்க கை எங்க போகும்னும் தெரியும். அதுக்காகக் கையைப் பு... புடிச்சா இழுத்தாரு?"

ஆப்னர் அவனைப் பார்த்தான். அதே மேசை, அதே சீட்டு, இவனைவிடப் பயந்த மனுஷன். அவன் எடுத்திருக்கிறான்.

"பிஷப்புகிட்ட சொல்றது உங்க இஷ்டம். ஆனா அடுத்த தடவை நான் தி... திக்குறப்போ, நீங்களும் தலையைக் குனிஞ்சுக்காதீங்க, மச்சான். அதுதான் எனக்குத் தாங்கலை."