ஃபிரிட்ஜ் செருப்பு

சமையலறையில் டமார் என்று ஒரு சத்தம். குண்டான் விழுந்த சத்தம் மட்டுமென்றால் மேரிசெல்வி திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அதன் பின்னாலேயே ஆள் விழுந்த சத்தமும் வந்தது.

ஓடிப் போனாள். ஃபிரிட்ஜ் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. தரையெல்லாம் பால். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜான்சி. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. ஏழு மாத வயிறு.

மேரிசெல்வி முதலில் அவளைத் தொடவில்லை. வாசலுக்கு ஓடி மெயினை இறக்கிவிட்டு வந்துதான் தூக்கினாள்.

ஜான்சி அவள் கணவன் சாலமனின் தங்கை. கிளியனூரில் வாழ்க்கைப்பட்டவள். வளைகாப்பு முடிந்து முதல் பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து எட்டு நாள்தான் ஆகிறது. பெற்ற தாய் போன ஐப்பசியில் கண்ணை மூடிவிட்டதால் அவளுக்குத் தாய்வீடு என்றால் இனி இந்த இரண்டு அறையும், தாய் என்றால் இந்த அண்ணியும்தான்.

சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடி வந்த சாலமன், தங்கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"செருப்பு போடலியா நீ?"

அந்தக் காலனியில் இருபத்தெட்டு வீடுகள். எல்லாமே உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிறவர்களின் வீடுகள். எந்த வீட்டுக்குப் போனாலும் ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். சாமி படத்துக்கு நேராகச் செருப்போடு போனால் திட்டுகிற வீடுகளில்கூட, சமையலறைக்குள் அதற்கு மட்டும் தடையில்லை. அதன் பெயரே ஃபிரிட்ஜ் செருப்பு. மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால் ஒன்றுமில்லை. வெறுங்காலில் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். நாள் முழுக்கப் பாத்தியில் நின்று பாளம் பாளமாக வெடித்த கால்கள் என்றால் கேட்கவே வேண்டாம். வெளியூரில் இருந்து வந்த ஜான்சிக்கு அந்தப் பழக்கம் இன்னும் பிடிபடவில்லை.

மேரிசெல்வி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று வருடமாக அவளும் அதே செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு பால் எடுத்தாள். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது.

ஆட்டோ பிடித்து மரக்காணம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, துடிப்பு நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் மூவருக்கும் மூச்சு வந்தது. ஆனால் வீடு திரும்புவதற்குள் செய்தி கிளியனூருக்குப் போய்விட்டது. ஜான்சியின் கணவன் கௌதம் போனில் கத்தவெல்லாம் இல்லை. ஷாக் அடிக்கிற வீட்டில் தன் பெண்டாட்டி பிள்ளை பெற வேண்டாம், சாயங்காலம் ஆறு மணிக்குக் காரோடு வருகிறேன், துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்றான். அவ்வளவுதான்.

ஜான்சி மூலையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா இல்லாத பெண்ணை எட்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் கிளியனூர் பேசும். அதற்கப்புறம் தாய்வீடு என்று எந்த முகத்தோடு வருவாள்?

"ஆறு மணிக்குத்தானே வர்றாரு? வரட்டும்" என்றாள் மேரிசெல்வி.

வயர்மேன் திருமுருகனுக்குப் போன் போனது. காலனி முழுக்க வயரிங் செய்தவர் அவர்தான். பைக்கை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். கரண்ட் வேலை பார்க்கிறவர் கழற்ற மாட்டார் என்று யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மெயினை ஏற்றி, ஃபிரிட்ஜின் மேல் டெஸ்டரை வைத்தார். சிவப்பாக எரிந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

உப்புக் காத்து அடிக்கிற ஊரில் இது சகஜம் என்றார். காற்றிலேயே கரண்ட் கசியும் என்றார். வேண்டுமானால் ஒரு ரப்பர் பாய் வாங்கிப் போடுங்கள், இல்லையென்றால் பழைய ஃபிரிட்ஜைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றார்.

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள் மேரிசெல்வி.

திருமுருகன் சிரித்தார். "ஏழடி பைப் எறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடியிருக்கேம்மா. ஒங்க ஊட்டுக்காரரைக் கேளு."

சாலமன் தலையாட்டினான். எர்த் போட்ட அன்றைக்கு அவன் வரப்புப் போடப் போயிருந்தான். பள்ளம் வெட்டியதையோ மூடியதையோ அவன் கண்ணால் பார்த்ததில்லை. அதற்காகத் தலையாட்டாமல் இருக்க முடியுமா, பெரிய வயர்மேன் சொல்லும்போது?

மேரிசெல்வி தலையாட்டவில்லை. உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் கொட்டகையில், எர்த் குழிக்கு தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. மோட்டார் ஓட்டுகிற ஐயப்பன் மாதம் ஒரு தடவை ஒரு குண்டு பல்பை ஒயரில் மாட்டி, ஒரு முனையைக் கரண்டிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்துப் பார்ப்பான். பல்பு பளிச்சென்று எரிந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, உப்பு தின்ற பைப்பைப் பிடுங்கிப் புதுசு இறக்குவார்கள். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அந்த மோட்டாரை அவள் எத்தனையோ தடவை தொட்டிருக்கிறாள். ஒரு நாளும் அது அவளைக் கடித்ததில்லை. உப்பளத்துக்கு நடுவில் இல்லாத ஷாக், வீட்டுக்குள் மட்டும் உப்புக் காத்தால் வருகிறதாம்!

திருமுருகன் பைக்கைக் கிளப்பியதும், ரப்பர் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு, பழைய ஹோல்டரில் பல்பைப் போட்டு, சமையலறைச் சுவரில் ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த பிளக் பாயிண்டில் ஒரு முனையைக் கரண்ட் ஓட்டையிலும், இன்னொரு முனையைப் பெரிய எர்த் ஓட்டையிலும் வைத்தாள். பல்பு செத்த மீன் கண்ணாக அப்படியே இருந்தது.

மெயினை இறக்கினாள். மீட்டர் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

சாலமன் பின்னாலேயே வந்தான். வெயிலில் ஃபேன் இல்லாமல் மாசமான பெண் எப்படி இருப்பாள் என்று தொடங்கி, நாளைக்கு ஒரு சுவிட்ச் கெட்டால்கூட திருமுருகன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்பது வரைக்கும் சொல்லிப் பார்த்தான். பொம்பளைக்குக் கரண்ட்டில் என்ன வேலை என்று மட்டும் அவன் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ அதையும் சொன்னார்கள்.

"கரண்ட்டுக்கு ஆம்பள பொம்பள தெரியுமா? காலைல ஜான்சியத்தானே தூக்கிப் போட்டுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கடப்பாரையை ஓங்கிக் குத்தினாள்.

சுவரிலிருந்து எர்த் கம்பி இறங்கி மண்ணுக்குள் போகிற இடம் அது. ஒரு முழம் தோண்டியதும் கம்பியைப் பிடித்து லேசாக இழுத்தாள். பல்லி வால் மாதிரி துண்டாகக் கையோடு வந்துவிட்டது. முனை பச்சை பூத்து ஊசியாகத் தேய்ந்திருந்தது. அதன் நுனியில் பைப்பும் இல்லை, ஒரு ஆணிகூட இல்லை.

அதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது. யார் போன் செய்தார்களோ, திருமுருகனும் வந்து சேர்ந்தார். எட்டிப் பார்த்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பைப்பை உப்பு தின்றிருக்கும் என்றார்.

மேரிசெல்வி இன்னும் தோண்டினாள். இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு குழியின் பக்கச் சுவரை மண்வெட்டியால் ஒரு சீவு சீவினாள். மேலே மணல், அதற்குக் கீழே சிப்பி கலந்த சாம்பல் மண், அதற்கும் கீழே கறுப்புக் களி. வெட்டி அடுக்கிய மாதிரி, ஒன்றோடொன்று கலக்காமல் கோடு போட்டுப் படிந்திருந்தது. கரித் தூள் ஒரு சிட்டிகை இல்லை. பாத்தி வெட்டுகிறவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரு தடவை தோண்டி மூடிய மண் திரும்ப அப்படிப் படியவே படியாது.

"இந்தக் களிய இதுக்கு முன்னாடி யாரும் தொட்டதே இல்லண்ணே" என்றாள். "உப்பு பைப்ப தின்னும், எனக்குத் தெரியும். பள்ளத்தையும் சேத்தா தின்னும்?"

அங்கே நின்ற எல்லோருக்கும் மண் தெரியும்.

திருமுருகனுக்கு முகம் கறுத்தது. இந்தப் பூமியே உப்புப் பூமி, எங்கே கம்பியைச் சொருகினாலும் எர்த்தான், இதில் பைப் எதற்கு என்று அவர் பிளேட்டை மாற்றினார். பிறகு, இனி இந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றார். மிதிக்க வேண்டாம் என்றாள் மேரிசெல்வி. அவர் போகவில்லை, வேப்பமரத்தடியில் பைக் மேல் சாய்ந்து நின்றுகொண்டார். இவள் எப்படி மூக்குடைபடப் போகிறாள் என்று பார்க்கிற ஆசை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மரக்காணத்தில் ஹார்டுவேர் கடை ஒரு மணி வரைதான். சாலமன் அந்த உடைந்த கம்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவன், என்ன தோன்றியதோ, சைக்கிளை எடுத்தான். திரும்பி வரும்போது பைப்பு, கிளாம்பு, புது எர்த் கம்பி, மோட்டார் கொட்டகையில் இருப்பது போன்ற, கரண்ட் கசிந்தால் தானே விழுந்துவிடுகிற ஒரு ட்ரிப் சுவிட்ச் எல்லாம் இருந்தது. வந்தவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சம்மட்டியைத் தூக்கினான். அன்றைக்கு அவன் பேசிய பேச்சிலேயே உருப்படியானது அந்தச் சம்மட்டிச் சத்தம்தான்.

பைப் இறங்கியது. சுற்றிலும் ஒரு கூடை கரி, ஒரு கூடை உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மிதித்தாள். உப்பு அவள் கையால் வாரியது. கம்பியைக் கிளாம்பில் முறுக்கி, துரு ஏறாமல் கிரீஸ் தடவி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். ஃபியூஸ் கட்டையை மாட்டி, மெயினை ஏற்றி, மறுபடி பல்பை வைத்தாள்.

கண் கூசுகிற மாதிரி எரிந்தது.

மறுபடியும் மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, ட்ரிப் சுவிட்சைப் பொருத்தினாள். கொட்டகையில் ஐயப்பன் மாற்றும்போது எந்த ஒயர் எங்கே போனது என்று பார்த்து வைத்தது இப்போது கை கொடுத்தது. கரண்ட்டை விட்டு ஃபிரிட்ஜின் பிளக்கை மாட்டினாள்.

டக். வீடே அணைந்தது.

வேப்பமரத்தடியில் சிரிப்பு கேட்டது. முன்னேயாவது பால் ஜில்லென்று இருந்தது, இப்போது அதற்கும் வழியில்லை என்றார் திருமுருகன். கூட்டத்தில் ரெண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். மணி நாலு. ஜான்சியின் பை வாசலில் தயாராக நின்றது.

"சிரிங்க" என்றாள் மேரிசெல்வி. "இவ்ளோ நாளா ஆளைத் தூக்கிப் போட்டுச்சு. இன்னிக்கு சுவிட்சத் தூக்கிப் போடுது. எது தேவல?"

ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு சுவிட்சை ஏற்றினாள். நின்றது. மிக்ஸி, டிவி, ஃபேன் எல்லாவற்றையும் போட்டாள். நின்றது. அப்படியென்றால் திருடன் ஃபிரிட்ஜுக்குள்தான். அதைத் திருப்பிப் போட்டாள். அடியில் கம்ப்ரசர் ஓரமாக ஒரு சின்னப் பெட்டி. மூடியைக் கழற்றியதும் பாத்தி வரப்பில் பூப்பது போல வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அதற்குள் ஒரு ஒயரின் தோல் வெடித்து, உள்ளே இருந்த செம்பு ஃபிரிட்ஜின் தகரத்தை ஒட்டிக்கொண்டு கிடந்தது.

பழைய டூத் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தெடுத்தாள். வெடித்த ஒயரை வெட்டிவிட்டுப் புது ஒயர் போட்டு முறுக்கி, மேலே டேப் சுற்றினாள். முக்கால் மணி நேரம் கொல்லை வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றது அந்த ஃபிரிட்ஜ். ஜான்சி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அது காய்வதைக் காவல் காத்தாள்.

உள்ளே கொண்டுவந்து பிளக்கை மாட்டினாள். சுவிட்ச் விழவில்லை. ஃபிரிட்ஜ் உர்ரென்று உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. வீட்டில் கிடந்த டெஸ்டரை எடுத்து வைத்தாள். எரியவில்லை. கதவில் வைத்தாள், பக்கத்தில் வைத்தாள், பின்னால் வைத்தாள். எங்குமே எரியவில்லை.

வெறுங்காலோடு நின்று, உள்ளங்கையை முழுசாக அதன்மேல் பதித்தாள். பிறகு குனிந்து அந்த ரப்பர் செருப்புகளை எடுத்து, வாசல் தாண்டி வேப்பமரத்தை நோக்கி வீசினாள். திருமுருகன் பைக் அதற்குள் கிளம்பியிருந்தது.

ஆறு மணிக்கு கௌதம் வந்தான். கட்டிவைத்த பையைப் பார்த்தான், குழியின் ஈர மண்ணைப் பார்த்தான், மேரிசெல்வியின் களி அப்பிய கையைப் பார்த்தான். டெஸ்டரைக் கொடு என்று கேட்டு, தானே நாலு இடத்தில் வைத்துப் பார்த்தான். ஜான்சி செருப்பில்லாமல் நடந்து போய், ஃபிரிட்ஜைத் திறந்து, அவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அதைக் குடித்து முடித்தவன், பையை அவனே தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் வைத்தான்.

கார் போன பிறகு மேரிசெல்வி கொல்லையில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். திருமுருகனின் மனைவி நிவேதா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து மேரிசெல்வி முந்தானையை இழுத்துச் சொருகினாள். நிவேதாவின் கையில் ஒரு கடப்பாரை இருந்தது. அவள் கால் வெறுங்காலாக இருந்தது.

அந்தக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு நிவேதா சொன்னாள்:

"எங்க வூட்டு ஃபிரிட்ஜ் கிட்டயும் ஒரு ஜோடி செருப்பு கெடக்குதுக்கா."