நாக்குப் பக்கம்

சறுக்குப் பலகையின் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு இல்மா தான் சுட்ட மானை இழுத்துக்கொண்டு வந்தாள். முழங்கால் வரை பனி. மான் ஒன்றும் பெரிதில்லை, கொம்பில்லாத பெட்டை. ஆனால் எழுபது வயதில் எதை இழுத்தாலும் கனம்தான். வீடு தெரியும் மேட்டுக்கு வந்ததும் நின்று பார்த்தாள். புகைபோக்கியில் புகை இருந்தது. வாசலில் கொழுந்தன் ராயின் வண்டி மட்டும் நின்றது, பாதிரியாரின் வண்டியைக் காணோம். அப்படியானால் புருஷன் ஆர்வோ இன்னும் இருக்கிறான் என்று மூச்சு விட்டாள்.

போகமாட்டேன் என்றுதான் காலையில் சொன்னாள். ஆர்வோவுக்கு நுரையீரல் முழுக்கப் புற்று. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். புருஷன் முன்னறைக் கட்டிலில் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கும்போது எந்தப் பெண்டாட்டி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவாள்? ஆர்வோ விடவில்லை.

"வேட்டை சீசன் முதல் நாள் இந்த வீட்லேர்ந்து யாருமே போகலைன்னா ஊர்ல என்ன பேசுவான்? நீ இங்க உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன்னா நான் அதுலயே செத்துருவேன். போ. போய் ஒண்ணு கொண்டா. வயசு நான் சொல்றேன்."

ஆர்வோ இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். ஊரில் யாரும் அவனை அதற்காக நினைப்பதில்லை. நவம்பரில் தீயணைப்புக் கூடத்து வாசலில் நீளமாக ஒரு கம்பம் கட்டி, அடித்த மான்களை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஆர்வோ ஒவ்வொன்றின் வாயையும் பிளந்து, கடைவாய்ப்பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்வான். குட்டி போடுவது கோடைத் தொடக்கத்தில், சுடுவது நவம்பரில். ஆகவே எல்லா வயதும் அரையில்தான் முடியும். கொம்பைப் பார்த்து மயங்கி, அஞ்சரை இருக்குமா என்று நெஞ்சை நிமிர்த்தி வருகிறவனிடம், "ஒண்ணரை. பால்பல்லே விழல. இத என்ன பள்ளிக்கூடத்து வாசல்லயா சுட்ட?" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுவான். சொந்தத் தம்பிக்கும் சலுகை கிடையாது. யார் மனம் குளிரவும் அவன் அரை வயது கூட்டிச் சொன்னதில்லை. அதனால்தான் அவன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அவன் கொண்டுவந்த தாடைகளை எல்லாம் வேகவைத்து, தேய்த்துக் கழுவிக் காயவைத்தது இல்மா. கழுவும்போதே மனதுக்குள் ஒரு வயது சொல்லிப் பார்ப்பாள். பிறகு அவன் சொல்வதோடு ஒத்துப் பார்ப்பாள். சில வருஷங்களாக இரண்டும் பிசகியதே இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவனிடமும்தான். யாராவது கேட்டால்தானே சொல்வது.

கொட்டகையில் மானைத் தொங்கவிட்டு, கன்னத்தைக் கீறி, கிளை வெட்டும் கத்தரியால் கீழ்த்தாடையை நறுக்கி எடுத்தாள். எடுத்ததை வெளிச்சத்தில் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பல் என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. கன்னப் பக்கத்து மெல்லிய விளிம்பு தவிர ஈறோடு ஈறாக வழவழவென்று தேய்ந்து கிடந்தது. எத்தனை பனிக்காலம், எத்தனை துப்பாக்கி, எத்தனை ஓநாய். எல்லாவற்றுக்கும் தண்ணி காட்டிவிட்டு இன்றைக்கு அவள் முன்னால் வந்து நின்றிருக்கிறது. ஆர்வோவிடம் இதைக் காட்டும் வரை அவன் இருக்க வேண்டும். அவளுக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

தாடையைக் கழுவித் துண்டில் சுற்றிக்கொண்டு உள்ளே போனபோது மகள் கேரன் அப்பாவின் உதட்டை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ராய் ஜன்னலோரம் காப்பியோடு உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டியா?" என்றான் ஆர்வோ. கண் திறக்கவில்லை. குரல் காற்றாக வந்தது.

"வந்துட்டேன். பெட்டை."

"அண்ணி, பெட்டையத் தூக்கிட்டுக் கம்பத்துக்குப் போனா சிரிப்பானுங்க," என்றான் ராய்.

"நீ போன வருஷம் தூக்கிட்டுப் போனதுக்கும்தான் சிரிச்சானுங்க," என்றான் ஆர்வோ. "கொடு அத."

இல்மா தாடையை அவன் கையில் வைத்தாள். மருந்தில் விரல்கள் மரத்து வீங்கியிருந்தன. கட்டை விரலைப் பல்வரிசை மேல் மெல்ல ஓட்டினான். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ரெண்டரை," என்றான். "கறி நல்லா இருக்கும்."

ராய் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தான். துண்டு விலகியபோது அவனும் அந்தப் பல்லைப் பார்த்துவிட்டிருந்தான். கேரன் அம்மாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். சரின்னு சொல்லிடு, இனிமே என்ன இருக்கு என்றது அந்தப் பார்வை.

சரி என்று சொல்ல இல்மாவுக்கும் வாய் வரை வந்துவிட்டது. ஒரு சொல்தான், மனுஷன் நிம்மதியாகக் கண்ணை மூடுவான். ஆனால் யாருக்கும் பூசி மெழுகாதவனுக்குக் கடைசி நாளில் தான் பூசி மெழுகுவதா? அதைவிடப் பெரிய அவமானம் இவனுக்கு வேறு இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"இல்ல," என்றாள். "தப்பு."

ஆர்வோ கண்ணைத் திறந்தான்.

"அம்மா," என்றாள் கேரன்.

"நீ கன்னப் பக்கம் தடவுற. அங்க விளிம்பு கொஞ்சம் மிச்சம் இருக்கு. நாக்குப் பக்கம் தடவு."

அவன் கையைப் பிடித்துத் திருப்பவில்லை. அவனே விரலை மாற்றட்டும் என்று விட்டாள். வெகுநேரம் ஆயிற்று. விரல் உள்பக்கம் இறங்கி, முன்னும் பின்னுமாகப் போய், நின்றது.

"இங்க ஒண்ணுமே இல்லையே," என்றான் ஆர்வோ.

"இல்ல."

"எவ்வளவு சொல்ற நீ?"

இத்தனை வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறான்.

"பத்தரைக்குக் குறையாது."

"மணல்ல மேஞ்சா சீக்கிரம் தேயும். எட்டரையா இருக்கலாம்."

"மணல் ஏரிக்கு அந்தப் பக்கம். இது நம்ம ஓடைப் பக்கத்து மான். களிமண்ணு. இங்க இப்படித் தேயறதுக்குப் பத்து வருஷத்துக்கு மேலயே ஆகும்."

ஆர்வோ யோசித்தான். பிறகு சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, கேரன் தலையணையை உயர்த்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. அடங்கியதும் தம்பியைத் தேடினான்.

"ராய். கேட்டியா?"

"கேட்டேன்."

"கூடத்துக்குப் போ. அந்தப் பெட்டையக் கொண்டுபோய் நடுவுல தொங்கவிடு. பத்தரைன்னு சொல்லு. யார் பாத்ததுன்னு கேப்பானுங்க. என் பேரச் சொல்லாத, இல்மா பாத்தான்னு சொல்லு. நான் ரெண்டரைன்னு சொன்னதையும் சொல்லு."

"அத எதுக்குண்ணே?"

"சொல்லுடா."

ராய் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். ஆர்வோ தாடையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நெஞ்சில் வைத்தபடியே உறங்கிப்போனான். மாலை வெளிச்சம் மங்கும்போது மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் தூரம் கூடி, பிறகு அடுத்தது வரவேயில்லை. இல்மா அவன் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தித் தாடையை எடுத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அதோடு நெஞ்சு நிறையப் பெருமையும் இருந்தது. இரண்டையும் பிரிக்க அவள் மெனக்கெடவில்லை.

அடக்கத்துக்குத் தேவாலயம் நிரம்பி வழிந்தது. சீசனில் செத்தால் கூட்டம் வராது என்று கேரன் பயந்திருந்தாள். எல்லாரும் காட்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள், பாதிப் பேர் ஆரஞ்சு மேல்சட்டையோடு. எழுபத்து மூன்று வயது நிறைவாக வாழ்ந்தவர் என்று பாதிரியார் ஆரம்பித்தபோது, முன்வரிசையிலிருந்து ராய் "எழுபத்து மூணரை" என்றான். ஆர்வோவும் கோடைத் தொடக்கத்தில் பிறந்தவன்தான். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். பாதிரியார் திருத்திக்கொண்டார்.

மண் போட்டுவிட்டு வந்து, தேவாலயத்து நிலவறைக் கூடத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் நடந்துகொண்டிருந்தபோது, டேல் பியெட்டிலா ராயின் பக்கத்தில் வந்து தயங்கினான். காலையில் சுட்ட மானை வண்டியிலேயே வைத்துக்கொண்டு அடக்கத்துக்கு வந்தவன்.

"தப்பா நெனச்சுக்காத. பத்து கிளைக் கொம்பு. அஞ்சரை தேறும்னு நெனக்கிறேன். இனிமே இத யாருகிட்டக் காட்டறது? நீ பாக்கறியா?"

ராய்க்கு ஆசை இல்லாமலில்லை. அண்ணனுக்குப் பிறகு அந்த இடம் தனக்கு என்று அவனும் வெகுகாலம் நினைத்திருந்தவன்தான். ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தான்.

"அண்ணிகிட்டக் கேளு," என்றான்.

இல்மா கறுப்பு உடுப்போடு வெளியே வந்தாள். பின்னால் ஆண்கள் கோப்பைகளோடு வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். ராய் மானின் வாயை இரும்பால் நெம்பிப் பிளந்து பிடித்தான். அவள் டார்ச்சை வாங்கிக் குனிந்தாள். அழகான கொம்பு. டேலின் அப்பாவுக்கும் இப்படி ஒன்று அமைந்ததில்லை. அரை வயது கூட்டிச் சொன்னால் இன்றைக்கு யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

"நாலாவது பல்லு தேஞ்சு பழுப்பு அகலமாயிடுச்சு," என்றாள். "அஞ்சாவதுல இன்னும் வெள்ளைதான் அகலம். மூணரை."

"நாலரை கூட இல்லையா?"

"மூணரை, டேல்."

டேல் கொம்பைப் பார்த்தான், இல்மாவைப் பார்த்தான்.

"சரி," என்றான். "மூணரை."

பக்கத்து வண்டிக்காரன் போய்த் தன் வண்டியின் பின்கதவை இறக்கினான், உள்ளே அவன் சுட்ட மான் கிடந்தது. அதற்கு அடுத்தவனும் இறக்கினான். வரிசை நெடுக இரும்புக் கதவுகள் இறங்கும் சத்தம் கேட்டது. இல்மா கறுப்பு உடுப்பின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நடந்தாள்.