ஓரக்கண்ணில் தெரிந்த நட்சத்திரம்

பள்ளி வேனை மறுபடியும் கேட்டில் உரசிக்கொண்டு வந்து நிறுத்திய வேன்காரனை, மனைவி வாசலிலேயே மடக்கினாள்.

"உங்க கண்ணு சரியில்லங்க. நாளைக்கு ஸ்கூல்ல சொல்லிடப் போறேன். நம்ம பொண்ணு இனி நடந்தே போகட்டும்."

"அக்கா சொல்றது நியாயந்தான் மாமா," என்றான் அவள் தம்பி, நசுங்கிய சைடு கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டே. "எருமையாட்டம் நிக்குது கேட்டு. அதுகூடவா தெரியல?"

"டேய், என் கண்ணப் பத்தி நீ பேசாத. ரெண்டு பேரும் பின்னாடி வாங்க."

இருட்டிவிட்டிருந்தது. கொல்லையில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் வேன்காரனுடைய டெலஸ்கோப் நின்றது. ரிஷப ராசிக் காளையின் கொம்பு நுனியில் இருக்கும் நட்சத்திரத்தைப் பிடித்து, குழாயை லேசாகத் தள்ளினான். பல வருஷக் கைப்பழக்கம்.

மச்சினன் கண்ணை வைத்தான். "கரிச்சட்டிக்குள்ள பாத்த மாதிரி இருக்கு மாமா."

மனைவிக்கும் இருட்டுதான்.

வேன்காரன் குனிந்தான். "இதோ இருக்கே. முட்டை மாதிரி, ஊதிவிட்ட புகையாட்டம். என்னைக்கோ வெடிச்சுச் செத்த நட்சத்திரத்தோட மிச்சம்."

"கதை விடாதீங்க."

"நேரா முறைச்சா தெரியாதுடி. கொஞ்சம் தள்ளிப் பாரு. ஓரக்கண்ணுல தானா வரும்."

அவள் அப்படியே செய்தாள். "அய்யோ, ஆமாடா தம்பி! இருக்கு! வந்து வந்து மறையுது!"

"மாமா, நீங்க ஆந்தைக்குப் பொறந்தவரு," என்று மச்சினன் தலையைச் சொறிந்தான்.

மூவரும் சிரித்தார்கள். வேன்காரன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். அந்தப் புகையைப் பார்க்க நடுப்பார்வை தேவையில்லை. அவனுக்கு நடுப்பார்வை போய் மாதக்கணக்காகிறது. எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தை யாரோ கட்டைவிரலால் தேய்த்து அழித்ததுபோல் இருக்கும். எதிரே சிரித்துக்கொண்டு நின்ற மனைவிக்கும் கழுத்துக்கு மேலே முகம் இல்லை. இது திரும்பாது, வண்டியைத் தொடாதே என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வண்டியை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

"தப்பா நெனச்சுட்டேங்க," என்றாள் மனைவி.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டான்.

காலையில் அவளே மகளைக் கொண்டுவந்து முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினாள். "அப்பாகூடப் போம்மா. பயப்படாத."

பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். வண்டி தெருவில் இறங்கியது. எதிரே சாலை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. சாலை ஓரக்கண்ணுக்கு வரட்டும் என்று தலையை மகள் பக்கம் திருப்பினான்.

"என்னப்பா," என்றாள் மகள், "என் மூஞ்சியவே பாக்கறீங்க?"